இந்துமாக்கடல் சுவர்ப்படம்: துணி உறுதி, குறிப்பு தவறு

மன்னார்குடியில் பள்ளிக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் எங்கள் பள்ளிக்காக இந்துமாக்கடல் சுவர்ப்படம் ஒன்றை வாங்கினோம். துணி ஒட்டிய தாள், மேலும் கீழும் மரச்சட்டம். ஐப்பசி அடைமழையில் வகுப்பறைச் சுவரில் ஓதம் ஏறியபோதும் இது சுருளவில்லை. கடைசி வரிசையிலிருந்தும் கோடியக்கரையின் பெயரைப் படிக்க முடிகிறது.

குறை ஒரே இடத்தில்தான். ஆனால் அது சிறிய குறையன்று. மாலத்தீவுக்குத் தெற்கே, சாகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டியேகோ கார்சியாவுக்கு விமானச் சின்னம் இட்டு, "இராணுவத் தளம், நிரந்தரக் குடிகள் இல்லை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அங்கிருப்போர் ஒப்பந்தத் தொழிலாளர்களே என்று 1960களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் உலகத்தை நம்பவைக்க முயன்ற கதையைத்தான் இக்குறிப்பு வழிமொழிகிறது. உண்மையில், அடிமைகளாகவும் பின்னர் இந்தியா முதலிய இடங்களிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், தென்னந்தோப்புகளில் கொப்பரை எடுத்து அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். 1965இல் சாகோஸை மொரீஷியஸிலிருந்து பிரித்த பிரிட்டன், மறு ஆண்டு தீவுகளை இராணுவப் பயன்பாட்டுக்குத் தர அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்து, அந்நாட்டிடம் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைகளின் செலவில் 1.4 கோடி டாலர் சலுகை பெற்றுக்கொண்டது. மருத்துவத்துக்காக மொரீஷியஸ் சென்றவர்களைத் திரும்ப விடாமல் தொடங்கிய வெளியேற்றம் 1973இல் முடிந்தது. 1971இல் அவர்களுடைய வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையால் கொன்றார்கள். தோப்பு வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த எங்கள் வகுப்பில் இதைச் சொன்னதும், "அந்தக் காயெல்லாம் யார் சார் பொறுக்கினாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

இதேபோல், 1946இல் அமெரிக்க அணுகுண்டுச் சோதனைக்காக 167 பேர் அகற்றப்பட்ட பிக்கினித் தீவு பசிபிக்கில் இருப்பதால் இப்படத்தின் எல்லைக்குள் வராது. அதில் குறை சொல்வதற்கில்லை. சாகோஸுக்கு அந்தச் சாக்கு இல்லை. பிரிட்டன் தன் ஆட்சியை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்த பிறகும், 2021இல் கடலில் தத்தளித்த இலங்கைத் தமிழர் அதே தீவில் கரைசேர்ந்து ஆண்டுக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்ட பிறகும், தமிழில் அச்சாகும் படத்தில் இக்குறிப்பு தொடர்வதை ஏற்க இயலவில்லை.

தாளும் அச்சும் விலைக்குத் தகுந்தவையே, வாங்கலாம். அந்தக் குறிப்பின் மேல் நாங்கள் வெள்ளைத்தாள் ஒட்டி, "1968–1973: மக்கள் வெளியேற்றப்பட்டனர்" என எழுதியிருக்கிறோம். அடுத்த பதிப்பிலேனும் பதிப்பாளர் அதை அச்சிலேயே சேர்க்க வேண்டும்.