மெழுகுக்கட்டியும் இரண்டு அறிக்கைகளும்

பொங்கலுக்காகச் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குச் சென்ற மூன்று வார விடுமுறையில் பெரும்பகுதி, பெரியம்மாவின் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைகளிலேயே கழிந்தது. புகையிலையைத் தொட்டறியாத அவருடைய இருமலைக் காசநோய் என்று கருதி, வேறோர் இடத்தில் இரண்டு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் பார்த்து, ஊசி வழியே திசு எடுத்த பிறகே அடினோகார்சினோமா என்னும் நுரையீரல் புற்றுநோய் வகை என்று தெரிந்தது.

ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. முதலிய மரபணுக்களையும் பி.டி.எல்.1 என்னும் புரதத்தையும் சோதிக்குமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். திசு எடுத்த இடத்தில், அதை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கைக் கேட்டதற்கு, கவுன்டரில் இருந்தவர் இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஆய்வகம் அவற்றை ஏற்காததால் இரண்டு நாள் வீணாயிற்று. மறுமுறை கைக்கு வந்த பிளாக், தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் உறைந்த வெள்ளை மெழுகுதான். அதன் நடுவே நூல் துண்டுபோல் திசு கிடந்தது. எல்லாச் சோதனைகளுக்கும் அதிலிருந்தே சீவி எடுக்கிறார்கள். தீர்ந்துவிட்டால் மீண்டும் ஊசி குத்த வேண்டியதுதான்.

சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் புரதச் சோதனையின் முடிவு நான்காம் நாளே வந்தது: புற்றணுக்களில் 60% அந்தப் புரதம் கொண்டவை. ஐம்பதைத் தாண்டினால் கீமோ இல்லாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசியே போதும் என்று எங்கோ படித்திருந்த அண்ணன், உடனே தொடங்கச் சொன்னார். "மரபணு ரிப்போர்ட் வரட்டும்ங்க, அதுவரைக்கும் அந்த ஊசி வேண்டாம்" என்று மருத்துவர் மறுத்துவிட்டார். ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள கட்டிகளில், புரத அளவு உயர்ந்திருந்தாலும் அந்த ஊசி பெரும்பாலும் பலனளிப்பதில்லை என்றும், அதைப் போட்ட கையோடு, அந்த மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சிக்கான ஆபத்து கூடும் என்றும் விளக்கினார். பத்தாம் நாள் வந்த அறிக்கையில், ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் எக்ஸான் 19 என்னும் பகுதியில் ஒரு துண்டு நீங்கியிருப்பதாக, அதாவது அந்த மாற்றம் இருப்பதாக இருந்தது. ஊசி கைவிடப்பட்டு, நாளுக்கு ஒன்றாக அந்த மாத்திரையே தொடங்கியது.

வேகத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரே நோயாளியின் இரு முடிவுகளை வெவ்வேறு நாளில், வெவ்வேறு உறையில், முழுக்க ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, மற்றொன்று வரும்வரை பொறுங்கள் என்று ஒரு வரிகூட எழுதாதது சரியல்ல.

மீதமிருந்த பிளாக்கைத் திரும்ப வாங்கி வந்தோம். பின்னால் தேவைப்படலாம், வெயில் படாமல் வையுங்கள் என்றார்கள். பெரியம்மா அதை வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டினார்.