எஃகுப் படகா, ஃபைபர் படகா?

பாய்மரப் படகிலேயே குடியிருந்து நாடு நாடாகப் போக நினைப்பவர், பழைய படகுச் சந்தையில் கால் வைத்ததும் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொள்வார். நாற்பதடிக்குள் நல்ல படகுகள் எஃகு, ஃபைபர் (கண்ணாடியிழை) என்ற இரண்டு வகையிலும் கிடைக்கின்றன.

எஃகின் பக்கம் நிற்பவர்கள் ‘ஜோஷுவா’வைக் காட்டுவார்கள். பிரெஞ்சு மாலுமி பெர்னார் முவாத்தெசியே 1968-69இல் உலகைச் சுற்றிய படகு அது. நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் நங்கூரமிட்டிருந்தபோது புயல் வந்து, அதோடு சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட படகுகளைக் கரையில் அள்ளிப் போட்டது. ஜோஷுவாவின் பாய்மரங்கள் போயின, உடல் நசுங்கியது. ஆனாலும் அதைச் செப்பனிட்டு மறுபடி கடலில் இறக்க முடிந்தது. இன்று பிரான்சின் லா ரொஷேல் கடல்சார் அருங்காட்சியகத்தின் படகாகப் பாய் விரித்து ஓடுகிறது. பாறையில் மோதினால் எஃகு நெளியும், ஃபைபர் உடையும். நெளிந்த தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு வைக்க, மீன்பிடித் துறைமுகம் எதிலும் ஒரு வெல்டர் இருப்பார். இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் எஃகுப் படகைக் கொல்வது பெரும்பாலும் பாறையல்ல, உள்ளிருந்து வரும் துரு. வெளிப்புறத் துரு கண்ணில் படும். சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிடலாம். உள்ளே, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், சட்டங்களின் இடுக்கில் வடிகால் துளை அடைத்துக்கொண்டால் ஈரம் அங்கேயே நிற்கும். வெப்பம் தாங்க ஒட்டிய நுரைத்தகடு அதன் மேல் திரை போட்டுவிடும். ஒரு செம்புக் கம்பித் துண்டு அந்த ஈரத்தில் விழுந்து கிடந்தாலே போதும், அந்த இடத்தை அரித்துவிடும். மரீனாவில் (படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில்) பக்கத்துப் படகிலிருந்து மின்கசிவு வந்தால், தகட்டுக்குப் பதிலாக அரிபடவென்று உடலில் பொருத்திய துத்தநாகக் கட்டிகள் சீக்கிரம் கரைந்துபோகும். அதைக் கவனிக்காவிட்டால் அடுத்து அரிபடுவது தகடுதான்.

ஃபைபரைப் பற்றிய பெரிய பயம், நீருக்கடியில் தோன்றும் கொப்புளம். அந்தப் பயம் மிகையானது என்பேன். கொப்புளம் வந்த படகுகள் பல்லாண்டு ஓடுகின்றன. கொப்புளத்தால் மட்டுமே மூழ்கிய படகு அரிது. பயப்பட வேண்டியது மேல்தளத்துக்குத்தான். பல படகுகளில் இரண்டு ஃபைபர் படலங்களுக்கு நடுவே பால்சா என்ற இலேசான மரம் வைத்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பியின் திருகு ஓட்டை வழியாக இறங்கும் நீர் அந்த மரத்தை ஊறவைத்து மக்கச் செய்யும். சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் தெரிந்துவிடும்: நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாக ஒலிக்கும், மக்கிய இடத்தில் ஓசை செத்துப்போய்த் ‘தொப்’பென்று கேட்கும். பாய்மரத்தைத் தாங்கும் வடங்கள் உடலோடு சேரும் இடத்தைச் சுற்றி அப்படிக் கேட்டால் விலையைக் குறைத்துப் பேச வேண்டாம், விலகிவிடுங்கள்.

பாய்கள், வடங்கள், எஞ்சின், கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் கடலுயிர்) ஒட்டாமல் அடிக்கும் பெயிண்ட் ஆகிய செலவுகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எடைதான் வேறு. முப்பத்தைந்து அடிக்குக் குறைவான எஃகுப் படகு கனத்தால் மெல்லிய காற்றில் எளிதில் நகராது. மலாக்கா நீரிணை போன்ற காற்றில்லாக் கடலில் டீசல் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

ஃபைபரால் பெருங்கடல் தாங்காது என்பதும் சரியல்ல. இந்திய மாலுமி அபிலாஷ் டோமி 2022-23 கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி இரண்டாமிடம் பெற்றது, ‘பயானத்’ என்ற 36 அடி ஃபைபர் படகில்.

வெப்ப மண்டலக் கடல்களில் சுற்றப் போகும் குடும்பத்துக்கு நான் ஃபைபரைத்தான் சொல்வேன். பனிக்கடலுக்குப் போகிறவரும், தானே கிரைண்டர் பிடித்து ஆண்டுதோறும் துருவோடு மல்லுக்கட்ட விரும்புகிறவரும் எஃகை எடுக்கலாம். அப்படி எடுப்பவர், தகட்டின் கனத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளக்கும் படகுச் சர்வேயரை உடன் அழைத்துப் போகட்டும்; தரைப்பலகைகளைத் தூக்கிக் காட்டத் தயங்கும் உரிமையாளரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.