அப்புச்சிக்கு எந்த ஸ்கேன்: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

கோபிச்செட்டிபாளையம், பொள்ளாச்சிப் பக்கமிருந்து அப்புச்சி (அம்மாவின் அப்பா) போன்ற வயதானவர்களைக் கோயம்புத்தூருக்கு மூளை ஸ்கேன் எடுக்கக் கூட்டி வருகிற பலரும் கேட்பது இது. மறதி மெல்ல மெல்லக் கூடுகிறது என்றால் நான் எம்.ஆர்.ஐ. பக்கம்தான். நினைவைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும், 0 முதல் 4 வரை மதிப்பெண்கூடப் போடுவார்கள் (சுருக்கம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும்); 75 வயதைத் தாண்டியவருக்கு 2 வந்தாலே நோய் என்று பதற வேண்டியதில்லை, வயதுக்கே அந்த அளவு சுருக்கம் உண்டு. கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் அரை மணி நேரம் போல அந்தச் சத்தத்துக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடம்பில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சி.டி. சில நிமிடத்தில் முடிந்துவிடும், செலவும் குறைவு. அப்புச்சி தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்தார், ஒன்றும் ஆகவில்லை என்றார், அப்புறம் மூன்று வாரம் கழித்துத் தலைவலி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்றால் உடனே சி.டி.தான். மூளை சுருங்கச் சுருங்க, அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவிலுள்ள சிரைகள் இழுபட்டு நிற்கும், லேசான அடியிலேயே கிழிந்து ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கும். "வயசாயிருச்சுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்த ரத்தத்தை வடித்து எடுத்தால் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள், இதற்குப் போய் எம்.ஆர்.ஐ. வரிசையில் காத்திருக்கக் கூடாது.