நீச்சல் குளத் தரையில் செங்காவிக் கறை: ஐந்து கோடை பார்த்தபின்

எங்கள் வீடு தென்சென்னைப் புறநகரில். இந்தப் பக்கத்து போர் தண்ணி எப்படி என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் பழுப்பேறி, மேலே ஏடு கட்டி நிற்கும். என் மாமியார் வெள்ளைத் துணியை இந்தத் தண்ணியில் நனைக்கவே விடமாட்டார். அது தெரிந்தும் 2021 பிப்ரவரியில் புது நீச்சல் குளத்தை அதே போரில் நிரப்பினோம். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர். ஏறக்குறைய 41,000 லிட்டர். நீல மொசைக் டைல்ஸ், இடுக்கில் வெள்ளை சிமென்ட் கிரவுட்.

முதல் குளோரின் போட்ட அன்று சாயங்காலம் குளம் முழுக்க டிகாக்ஷன் நிறம். "செட்டாயிடும் மேடம்" என்றார் குளம் கட்டிக்கொடுத்தவர். செட்டாகத்தான் செய்தது, தரையில். படிகாரம் போட்டு, படிந்த வண்டலை வேக்கம் பிடித்து வெளியேற்றியதும் தண்ணி தெளிந்துவிட்டது. ஆனால் மே மாதத்துக்குள் கிரவுட் கோடுகளும் படிக்கட்டும் கோயில் சுவரில் காவிப்பட்டை அடித்தது போல ஆகிவிட்டன. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும்போது இரும்புக்கு நிறம் கிடையாது. காற்றோ குளோரினோ பட்டதும் துருவாக மாறிவிடும். தண்ணியின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏற ஏற சீக்கிரம் படியும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம்: ஆசிட் வாஷ். குளத்தைக் காலி செய்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். கறை போனது, கூடவே கிரவுட்டும் அரித்துப் போனது. பிறகு எதில் நிரப்பினோம்? அதே போர் தண்ணியில்தான்! மூன்றே மாதத்தில் கறை திரும்பி வந்தது. சொரசொரப்பாகிப்போன கிரவுட்டில் முன்னைவிட அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது.

2022 கோடையில்தான் வைட்டமின் சி பற்றித் தெரிந்துகொண்டேன். மருந்துக்கடையில் கிடைக்கிற சப்பிச் சாப்பிடும் மாத்திரை ஒன்றை, தண்ணிக்குள்ளேயே கறையின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். எடுத்தால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை! பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாத்திரைக்கு அசைந்தால் அது இரும்புக் கறை. ஆழமான பக்கத்தில் நீலமும் கறுப்பும் கலந்த ஒரு திட்டு மட்டும் அசையவே இல்லை. பராமரிப்புக்கு வரும் தம்பியைக் கேட்டால், "பாசிக்கு மயில்துத்தம் போட்டேன்கா" என்றான். மயில்துத்தம் என்றால் செம்பு. பாசியைக் கொல்லும், ஆனால் அதுவும் ஓர் உலோகம்தானே. அன்றோடு மயில்துத்தத்துக்குத் தடை. பாசி மருந்து பாட்டில் எது வாங்கினாலும் லேபிளில் காப்பர் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பொடியாக விற்கும் அஸ்கார்பிக் ஆசிட், அதாவது அதே வைட்டமின் சி, அரை கிலோ வாங்கினேன். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 12 கிராம் என்பது கணக்கு. போடுவதற்கு முன் குளோரினைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பொடி கறைக்குப் போகாமல் குளோரினோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். மூன்று நாள் மருந்து போடாமல் வெயிலுக்கு விட்டேன். பி.எச். 7.2. ஓரமாகச் சுற்றித் தூவினேன். படிக்கட்டு கண்ணெதிரே வெளுத்தது, மத்தியானத்துக்குள் முழுக் குளமும். வெகு நாளைக்குப் பிறகு கிரவுட்டின் உண்மையான நிறத்தை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் தண்ணியில் லேசாகப் பச்சை தெரிந்தது. சென்னை வெயிலில் குளோரின் இல்லாத குளம் இரண்டு நாள் தாங்குவதே பெரிது. பயந்துபோய் இரண்டு கிலோ கால்சியம் ஹைப்போகுளோரைட்டை (பி.எச்.சையும் ஏற்றிவிடும் குளோரின் மருந்து) மொத்தமாகக் கொட்டிவிட்டேன். அரைமணி நேரத்தில் மறுபடியும் டிகாக்ஷன். ராத்திரிக்குள் கறை பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வைட்டமின் சி இரும்பைக் கரைத்துத் தண்ணிக்குள் விடுகிறதே தவிர, குளத்தைவிட்டு அனுப்பவில்லை. நானோ குளோரினையும் பி.எச்.சையும் ஒரே வாளியில் ஏற்றி, அதைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

இரண்டாவது முறை நிதானமாகச் செய்தேன். முன்கூட்டியே காப்பர் கலக்காத பாசி மருந்து. பொடி போட்டு கறை போனதும் மெட்டல் சீக்வெஸ்ட்ரன்ட் ஒரு பாட்டில். இரும்பைப் படியவிடாமல் தண்ணிக்குள்ளேயே கட்டிவைக்கும் மருந்து அது. ஒரு நாள் பம்ப் ஓட விட்டு, பிறகு குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாரத்துக்கு ஏற்றினேன். மீந்திருக்கும் வைட்டமின் சி முதலில் போடும் குளோரினை விழுங்கிவிடும், பதறக் கூடாது. பி.எச். தானாக ஏறட்டும் என்று, அதை ஏற்றும் சோடா ஆஷைத் தொடவில்லை. கறை வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் மருந்தைக் குளோரின் மெல்லச் சிதைத்துக்கொண்டே இருக்கும். மாதாமாதம் கொஞ்சம் ஊற்ற வேண்டும். ஒரு மாதம் மறந்தேன், படிக்கட்டில் மஞ்சள் தட்டியது.

அப்போதுதான் பேப்பரில் கணக்குப் போட்டேன். போர் தண்ணி பரிசோதனையில் இரும்பு லிட்டருக்கு 1.1 மில்லிகிராம். 0.3 தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும் என்பார்கள். முழுக் குளத்துக்கும் சேர்த்தால் வெறும் 45 கிராம். ஒரு கை ஆணி. இவ்வளவு அமர்க்களமும் அதற்குத்தான். கோடையில் ஆவியாவது, பிள்ளைகள் வாரி இறைப்பது, பேக்வாஷ் (ஃபில்டரில் தண்ணியைத் திருப்பி விட்டுக் கழுவுவது) எல்லாம் சேர்த்து நாளுக்கு 250 லிட்டர் நிரப்புகிறேன். மார்ச்சிலிருந்து ஜூலை வரை 37,000 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட இன்னொரு குளம்! தண்ணி ஆவியாகும், இரும்பு ஆவியாகாது. தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு ஓஸ் பைப் கண்ணில் படவே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெரு கொஞ்சம் மேடு, வீட்டுக்குள் தண்ணி வரவில்லை. கரண்ட் மட்டும் நாலு நாள் இல்லை. பம்ப் ஓடாமல் குளம் பச்சைப்பசேல். கரண்ட் வந்ததும் வேறு வழியில்லாமல், கையைப் பிசைந்துகொண்டே ஷாக் டோஸ், அதாவது ஒரேயடியாக நிறைய, குளோரின் போட்டேன். டிகாக்ஷன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்டோபரிலிருந்து ஒரு சொட்டு போர் தண்ணி விடவில்லை. மழை நிரப்பி, வழிந்து, பழைய தண்ணியில் பெரும்பங்கைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. மழை நீரில் இரும்பு ஏது? மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "மழைத் தண்ணியில வேட்டி துவைச்சா பளிச்சுன்னு வரும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார். சொல்லியிருக்கிறார்.

2024-இல் மொட்டைமாடிக் குழாயைத் தனியாக ஒரு 10,000 லிட்டர் தொட்டிக்குத் திருப்பினோம். முதல் மழை அழுக்கு, அதை வெளியே விட்டுவிடுவோம். இது ஏப்ரல் வரை தாங்கும். அதற்குப் பிறகு போர்தான், ஆனால் நேராகக் குளத்துக்கு இல்லை. ஷவர் தலை வழியாகத் தொட்டியில் தூவி விழவைத்து, கொஞ்சம் குளோரின் போட்டு, ராத்திரி படியவிட்டு, மேல்தண்ணியை மட்டும் தலையணைப் பஞ்சு அடைத்த குடுவை வழியாக விடுகிறோம். பாலியஸ்டர் பஞ்சாக இருக்க வேண்டும், இலவம்பஞ்சு வேலைக்கு ஆகாது. வாரம் ஒருமுறை அந்தப் பஞ்சை எடுத்துப் பார்த்தால் செங்கல் நிறம். அதெல்லாம் குளத்துக்குள் போயிருக்க வேண்டியது என்று நினைக்கும்போது ஓர் அற்ப சந்தோஷம். வசதி உள்ளவர்கள் அயர்ன் ரிமூவல் ஃபில்டர் வைக்கலாம். எனக்குக் கிடைத்த விலையில் மனசு வரவில்லை, அதற்கும் பேக்வாஷ் வேலை உண்டு.

படிகாரத்திலும் கவனம் வேண்டும். இரும்பு கலந்த ஃபெரிக் ஆலம்தான் மலிவாகக் கிடைக்கும். குளத்துக்கு நான்-ஃபெரிக் என்று கேட்டு வாங்குங்கள். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், டி.சி.சி.ஏ. (இன்னொரு வகைக் குளோரின் மருந்து) எடுத்த கரண்டியை ஹைப்போகுளோரைட் டப்பாவுக்குள் விடவே விடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய சேர்க்கை அது.

இந்த ஐந்தாவது கோடையில் பொடியை ஒரே தடவைதான் போட்டேன், அதுவும் 200 கிராம். மகளின் ஹேர்பின் விழுந்து கிடந்த இடத்தில் வரும் துருவட்டத்துக்கு, பழைய சாக்ஸில் நாலு மாத்திரையைப் பொடித்துக் கட்டிக் கயிற்றில் இறக்கிவைப்பேன், கால்மணி நேரம் போதும். அந்த சாக்ஸ் பம்ப் அறை ஆணியில் தொங்குகிறது. மயில்துத்தத் திட்டு மட்டும் இன்னும் ஆழப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. ஆசிட் வாஷுக்கு மறுபடியும் துணிவு வரவில்லை. பிள்ளைகள் அதற்கு இலங்கை என்று பேர் வைத்திருக்கிறார்கள், வடிவம் அப்படி.