வெள்ளவத்தை பிசியோவும் என் குதிநாணும்

கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணில் எனக்கு வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி நொண்டித்தான் நடப்பேன், ஓட ஆரம்பித்தால் வலி மெல்லக் குறையும், மறுநாள் இரட்டிப்பாகத் திரும்பும். 10 கிலோமீட்டர் போட்டிக்காக, கொழும்பு சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி ஓடும் தூரத்தை ஒரே மாதத்தில் இரண்டு மடங்காக்கியதால் வந்த வினை.

முதலில் போன வேறொரு இடத்தில் ஒரு தரம் நடக்கவிட்டுப் பார்த்து, தட்டைப் பாதம் என்று சொல்லி அளவெடுத்து, சப்பாத்துக்குள் பாதத்தின் கீழ் வைக்கும் இன்சோல் செய்து தந்தார்கள். அரை மாதச் சம்பளம் போனது. கெண்டைக்காலை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலி அப்படியே இருந்தது.

பிறகுதான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் இந்தச் சின்ன பிசியோதெரபி (இயன்மருத்துவ) நிலையத்துக்குப் போனேன். அங்குள்ள பிசியோ அக்கா ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி, குதியை எத்தனை தரம் உயர்த்த முடிகிறது என்று எண்ணினார். நல்ல காலில் 27, வலிக்கிற காலில் 11. "தம்பி, இந்தக் குறையை இன்சோல் நிரப்பாது" என்றார்.

தந்த பயிற்சி இதுதான்: படி விளிம்பில் நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கிற காலால் குதியை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நீட்டி 15 தரம் மூன்று சுற்று, மடக்கி 15 தரம் மூன்று சுற்று, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180, மொத்தம் 12 கிழமை. சுவீடன் மருத்துவர் ஹோகான் ஆல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை, அந்த ஆய்வில் இருந்த 15 பேரும் மறுபடி ஓடினார்கள். பயிற்சியில் கொஞ்சம் வலிக்கலாம், 10க்கு 5ஐத் தாண்டக் கூடாது. சுலபமானதும் முதுகுப் பையில் 5 கிலோ அரிசி வைத்துச் செய்தேன். ஆனால் வலி குதிகால் எலும்போடு நாண் ஒட்டும் இடத்தில் என்றால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்ய வேண்டுமாம்; எனக்கு வலி அதற்கு மூன்று விரல் மேலே.

இன்சோலை அவர் ஒதுக்கவில்லை. நாணின் இழுவை குறைய, இரண்டு சப்பாத்திலும் குதிக்கு அடியில் மெல்லிய உயர்த்தி வைத்தார், ஆறாம் கிழமை எடுத்துவிட்டார். விலை மிகக் குறைவு.

குறை ஒன்று: பயிற்சித் தாள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும். தமிழர் நிறைய வாழும் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தமிழில் ஏன் இல்லை? அடுத்த முறை நானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று 8 கிலோமீட்டர் ஓடினேன், இன்று காலை விறைப்பு இல்லை. போகிறவர்கள் தேய்ந்த பழைய சப்பாத்தையும் கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.