இலவச ஆலோசனையின் விலை: வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

சிங்கப்பூர் நகர மையத்தில், பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இயங்கும் வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையத்தின் சேவையை, 2025 ஜனவரி முதல் ஜூலை வரை நாங்கள் பயன்படுத்தினோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருந்த என் மகள், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நேரடியாகச் சேர விரும்பினாள். நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இந்தத் தொழில் நடக்கும் விதத்திலிருந்தே பிறப்பவை என்பதால், நிலையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

முதல் சந்திப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறித்த நேரத்துக்கு அழைத்தார்கள். ஆலோசகராக வந்த இளம்பெண் என் மகளின் மதிப்பெண் பட்டியலை உண்மையிலேயே வாசித்தார். மேலோட்டமாகப் புரட்டிவிட்டு மூடி வைக்கவில்லை. சேவைக் கட்டணம் கிடையாது என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார். இருபது நிமிடங்களில் மூன்று பல்கலைக்கழகங்களின் கையேடுகள் மேசைமீது இருந்தன. கணக்குப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால், எதுவும் இலவசம் என்றால் அதற்கான பணத்தை யார் கட்டுகிறார்கள் என்று தேடும் பழக்கம் எனக்கு உண்டு. இதில் மறைவு ஏதும் இல்லை. மாணவர் சேர்ந்தபின் பல்கலைக்கழகம் தன் கட்டண வருவாயில் ஒரு பங்கை முகவருக்குத் தரகாகக் கொடுக்கிறது. கேட்டபோது அவரும் மறைக்காமல் ஆம் என்றார். ஆனால், அந்த மூன்று கையேடுகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது அந்தப் பதிலிலேயே அடங்கியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை அவர்கள் சொன்னவற்றில் இல்லை; கேட்காமல் விட்ட ஒரு கேள்வியில் இருக்கிறது. நாங்கள் போனது ஜனவரியில். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பக் காலம் மார்ச்சு மாதத்தில்தான் முடியும். மகள் அவற்றுக்கு விண்ணப்பிக்கிறாளா, வெளிநாட்டு அனுபவம்தான் வேண்டுமென்றால் இங்கே சேர்ந்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் போய்வர எண்ணியதுண்டா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பரிமாற்றத் திட்டத்தில் செல்லும் மாணவரால் முகவருக்கு ஒரு காசும் வராது.

எங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்ததற்குக் காரணம் என் மூத்த மகன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த அவன், 2023 செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்கு ஒரு பருவம் பரிமாற்ற மாணவனாகப் போனான். அவ்வகை ஏற்பாட்டில் மாணவர் வழக்கம்போல் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் செலுத்துகிறார். போய்ச் சேரும் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக் கட்டணம் தர வேண்டியதில்லை. கல்வி அமைச்சின் கட்டண மானியத்தைக் கழித்தபின் சிங்கப்பூர்க் குடிமக்கள் பல பட்டப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 வெள்ளி (டாலர்) வரை கட்டுகிறார்கள். மகன் எடின்பரோவில் உட்கார்ந்திருந்தபோதும் எங்களுக்கு வந்தது அதே கட்டணச் சீட்டுதான். விமானச் சீட்டு, விடுதி, சாப்பாடு, குளிர்கால உடை எல்லாம் சேர்த்து மேலும் சுமார் 11,000 வெள்ளி ஆனது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே 300-க்கும் மேற்பட்ட பங்காளிப் பல்கலைக்கழகங்கள் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாரும் விரும்பும் ஊர்களுக்குத்தான் போட்டி.

பரிமாற்றத்திலும் தொல்லைகள் இல்லாமல் இல்லை. அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் இங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். மகன் தேர்ந்தெடுத்த ஐந்தில் இரண்டு, அங்கு போய்ச் சேர்ந்தபின் கால அட்டவணை மோதலால் மாறின, மறுபடியும் ஒப்புதலுக்காக மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினான். பாடங்களுக்குரிய அலகுகள் மட்டும் கணக்கில் சேரும், தரப்புள்ளிச் சராசரியில் (GPA) அந்த மதிப்பெண்கள் சேராது என்பது சிலருக்கு நிம்மதி, சிலருக்கு ஏமாற்றம். நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கு இரண்டாம் பருவம் ஜனவரியில் தொடங்கும். இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகங்கள் முதல் பருவத் தேர்வுகளை ஜனவரியில்தான் நடத்துகின்றன. மகன் போன இடத்தில் தேர்வுகள் டிசம்பரிலேயே முடிந்ததால் தப்பித்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்பு என்பதால் மாணவர் விசாவும் தேவைப்படவில்லை. இப்போது போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போரும் பிரிட்டனுக்குப் புறப்படும் முன் மின்னணுப் பயண அனுமதி பெற்றாக வேண்டும்.

மகளுக்கு உள்ளூரில் இடம் கிடைத்தது. ஆனால் அவள் விரும்பிய பாடத்தில் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பட்டயப் படிப்பில் முடித்த பாடங்களை மறுபடி படிக்க வேண்டாம் என்று விலக்கு கொடுத்து மூன்றாண்டுப் பட்டப் படிப்பை இரண்டாண்டாகக் குறைப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் நேரடிச் சேர்க்கை என்று முடிவெடுத்தோம். அறிவியல் பட்டப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 40,000 ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேல் கேட்கும் இடத்தில், ஓர் ஆண்டு விலக்கு கிடைப்பதும் அரை ஆண்டு விலக்கு கிடைப்பதும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதிலும், சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கப்படும் மத்திய சேமநிதியின் கல்விக் கடன் திட்டம் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களுக்கு மட்டுமே. வெளிநாட்டுப் படிப்புக்கு அந்தச் சேமிப்பைத் தொட முடியாது. இதை அறியாமல் கணக்குப் போட்டிருந்த ஒரு தம்பதியை அதே நிலையத்தில் பார்த்தேன்.

விலக்கு விவகாரத்தில்தான் நிலையம் எங்களைக் கைவிட்டது. “ஓராண்டு கிடைத்துவிடும்” என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் மூலம் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்திலிருந்து மார்ச்சு இறுதியில் வந்த சேர்க்கைக் கடிதத்தில் நான்கு பாடங்களுக்கு மட்டுமே, அதாவது அரை ஆண்டுக்கு மட்டுமே, விலக்கு இருந்தது. ஆலோசகர் அது பல்கலைக்கழகத்தின் முடிவு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். இதற்கிடையே மகள், நிலையம் காட்டாத நான்காவது பல்கலைக்கழகம் ஒன்றைத் தானே கண்டுபிடித்திருந்தாள். அதைப் பற்றிக் கேட்டபோது “அங்கே இடம் கிடைப்பது கடினம்” என்ற பதில் வந்தது. அன்றிரவு அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “அம்மா, இதைப் பாருங்க, லிஸ்டுல இவங்க பேரே இல்ல” என்றாள். ஆஸ்திரேலியச் சட்டப்படி, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு கல்வி நிலையமும் தன் முகவர்களின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் எங்கள் நிலையத்தின் பெயர் இல்லை. கடினம் என்ற சொல்லுக்கு அங்கே அதுதான் பொருள் என்று எடுத்துக்கொண்டோம்.

அவள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக, யார் துணையுமின்றி, இணையத்தில் விண்ணப்பித்தாள். ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. மதிப்பெண் பட்டியலோடு, தொழிற்கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்க விவரத்தையும் சேர்க்கும்படி அந்தத் தளமே கேட்டது. மூன்று வாரத்தில் எட்டுப் பாடங்களுக்கு விலக்குடன் இடம் வந்தது. அப்போதுதான் விளங்கியது, நிலையம் எங்கள் விண்ணப்பத்தோடு பாட விவரங்களை அனுப்பவே இல்லை என்பது. அவற்றை அனுப்பி மறுபரிசீலனை கேட்கச் சொன்னோம். மே மாதத்தில் முதல் பல்கலைக்கழகமும் எட்டுப் பாடங்களுக்கு ஒப்புக்கொண்டது. ஆய்வகப் பயிற்சி அங்கே சிறப்பாக இருந்ததால் மகள் அதையே தேர்ந்தெடுத்தாள். அரை ஆண்டுக் கட்டணம், இருபதாயிரத்துக்கு மேல், நாங்கள் வாயைத் திறந்து கேட்டதால் மிச்சமானது.

இனி நிறை. விசா வேலையில் இவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலை 1 அன்று 710 ஆஸ்திரேலிய வெள்ளியிலிருந்து 1,600 ஆனது. 2025 ஜூலை 1 முதல் 2,000. இதை மே மாதத்திலேயே எங்களுக்கு நினைவூட்டி, ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் எல்லா ஆவணங்களையும் வாங்கி விண்ணப்பத்தைச் செலுத்தச் செய்தார்கள்; எங்களுக்கு 400 வெள்ளி மிச்சம். வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 29,710 ஆஸ்திரேலிய வெள்ளி என்ற கணக்கில் வங்கி ஆவணங்களை எப்படி அடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். விண்ணப்பத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் 150 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். மகளின் பதில்கள் பொத்தாம்பொதுவாக இருக்கின்றன என்று ஆலோசகர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார், அது சரியான கண்டிப்பு. ஏன் இந்தப் பாடம், ஏன் ஆஸ்திரேலியா, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்கிறது அந்தப் படிவம். அதே கேள்விகளை ஜனவரியில் எங்களிடம் கேட்டிருந்தால் இந்த மதிப்புரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கட்டாய மருத்துவக் காப்புறுதிக்கு ஒரே ஒரு நிறுவனத்தின் விலையைத்தான் காட்டினார்கள். மகள் வேறொன்றை ஒப்பிட்டுக் காட்டியதும் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள். இரண்டாண்டுக்கு 200 வெள்ளிக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சமானது. தங்குமிடத்துக்கு இவர்களை நம்ப வேண்டாம், பல்கலைக்கழக விடுதியை நீங்களே பதிவு செய்யுங்கள்.

காத்திருப்பு அறையில் கேட்ட ஓர் உரையாடலையும் சொல்ல வேண்டும். மகனை மருத்துவம் படிக்க அனுப்ப வந்திருந்த ஓர் அம்மாவுக்குக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் விளக்கப்பட்டன. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் அங்கீகரிக்கும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளின் பட்டியல் 2020 ஜனவரியில் 160-இலிருந்து 103 ஆகக் குறைக்கப்பட்டதும், பிறகு சில சேர்க்கப்பட்டதும் அந்தப் பேச்சில் வரவேயில்லை. சட்டத்திலும் இதே கதை: சிங்கப்பூர் அங்கீகரிக்கும் பிரிட்டன் சட்டப் பள்ளிகள் 19-ஆக இருந்தவை, 2016 முதல் 11-ஆகக் குறைந்தன. படித்துவிட்டு இங்கேயே தொழில் செய்யப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். குறுக்கிட எனக்குத் தயக்கமாக இருந்தது; மின்தூக்கிக்குக் காத்திருந்தபோதுதான் அந்த அம்மாவிடம் சொன்னேன். கையேட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

ஆவண வேலைக்கு ஐந்துக்கு ஐந்து, அறிவுரைக்கு ஐந்துக்கு ஒன்றரை தருகிறேன். எங்கே, எப்படிப் படிப்பது என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டு, விரும்பும் பல்கலைக்கழகத்தின் முகவர் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாட விவரங்களை நீங்களே கோப்பில் வைத்துக்கொண்டு போனால் இவர்கள் நல்ல எழுத்தர்கள். மகள் பிரிஸ்பேன் போய் இறங்கிய மறுநாள் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது: ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதினால் 20 வெள்ளிக்குப் பரிசுச்சீட்டு தருவார்களாம். நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.