மெதுவாகப் போனால் மங்கும் விளக்கு: அப்பாவின் 1999 ஸ்பிளெண்டரோடு ஆறு வருடம்

போன வாரம் நண்பன் போன் செய்தான். "மாப்ள, எங்க மாமா அவரோட பழைய ஸ்பிளெண்டரைப் பதினெட்டாயிரத்துக்குத் தர்றேங்கிறாரு. 2003 மாடல். நீதான் அந்த வண்டியை வீட்டுலயே பிரிச்சு மாட்டுறியே, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லு." ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பா 1999-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். 97.2 சிசி, நாலு கியரும் முன்னாடி, கிக்கர் மட்டும். இதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 2019-இல் முட்டி வலி அதிகமாகி அப்பா ஓட்டுவதை நிறுத்தினார், சாவி என் கைக்கு வந்தது. அதிலிருந்து ஆயில் மாற்றுவது முதல் மேக்னட் (என்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்க உதவும் காந்தச் சக்கரம்) கழற்றுவது வரை எல்லாம் வீட்டு வாசலில் நானேதான்.

என்ஜினைப் பற்றிச் சொல்ல நல்லதைத் தவிர எதுவும் இல்லை. ஆயில் ஃபில்டர் என்று தனியாக வாங்கி மாற்றும் பொருளே இதில் கிடையாது. பிஸ்டன் சுற்றவைக்கும் கிராங்க் தண்டின் முனையில் ஒரு கிண்ணம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலில் வரும் தூளை அது ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளட்ச் பக்க மூடியைத் திறந்து முதன்முதலாக அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோது உள்சுவர் முழுக்கக் கருப்புக் களிமண் போல ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன், வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. இருபது வருடமாக பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் போக வேண்டிய அழுக்கையெல்லாம் இந்தச் சின்னக் கிண்ணம் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று அந்த என்ஜினை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு உண்டான மரியாதை இன்றுவரை குறையவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, புது கேஸ்கெட் வைத்து, 900 மில்லி பாட்டில் ஆயிலை ஊற்றி உதைத்தேன். முதல் உதையில் எடுத்தது.

என் பிரச்சினை எல்லாம் ஹெட்லைட்தான்.

நான் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து சத்திரப்பட்டிப் பக்கம் வீட்டுக்குக் கிளம்ப இரவு பதினொன்றும் ஆகும், ஒன்றும் ஆகும். இந்த வண்டியில் முறுக்கினால் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் விளக்கு மஞ்சளாகி, சிவந்து, அகல் விளக்கு அளவுக்கு வந்துவிடும். மனுஷனுக்கு வெளிச்சம் தேவைப்படுவதே மெதுவாகப் போகும்போதுதானே? பள்ளத்தில் இறங்கும்போது, ஆள் குறுக்கே வரும்போது, வண்டிப்பாதைக்குத் திரும்பும்போது. சரியாக அந்த நேரத்தில்தான் இது கைவிடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இது பழுது கிடையாது. அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளில் இதுதான் பொது ஏற்பாடு. மேக்னட்டுக்குள் இருக்கும் லைட் காயிலின் ஒரு முனை என்ஜின் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதிலிருந்து வருவது ஏ.சி. மின்சாரம். ஒரு பாதி, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி வோல்ட்டையும் கட்டுக்குள் வைக்கும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட் வழியாகப் பேட்டரிக்குப் போகும், மறு பாதி நேராக ஹெட்லைட்டுக்குப் போகும். ஆக, ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. என்ஜின் சுற்றுகிற வேகம்தான் வெளிச்சம். இதில் ஒரு நல்லதும் உண்டு. ஸ்பார்க்குக்கும் தனிக் காயில் இருப்பதால், பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் வண்டி எடுத்துவிடும். பேட்டரியே இல்லாமல் அப்பா ஒரு வருடம் ஓட்டியிருக்கிறார்.

என் வண்டியில் இதற்கு மேல் ஒரு கூத்தும் நடந்திருந்தது. "வெளிச்சம் பத்தலையா, பெரிய பல்பு போட்டுத் தர்றேன்" என்று ஒரு மெக்கானிக் 35 வாட் பல்பைக் கழற்றிவிட்டு, காருக்குப் போடுகிற 60/55 வாட் பல்பைப் போட்டுவிட்டிருந்தார். காயில் கொடுக்கிறதே கொஞ்சம். அதைவிட அதிகம் கேட்கிற பல்பைப் போட்டால் வோல்ட் இன்னும் இறங்கும், இழை சரியாகச் சூடாகாது, முன்னைவிட மங்கும். நான் அதைக் கவனிக்காமலே ஒரு வருடம் ஓட்டினேன்.

2021 தை மாதம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் திண்டுக்கல் ரோட்டில் ராத்திரி முழுக்க நடப்பார்கள். ரோட்டோரம் நடைபாதை இருக்கிற இடத்தில் பரவாயில்லை. இல்லாத இடத்தில் தார் விளிம்பில்தான் நடந்தாக வேண்டும். ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் தூரத்திலேயே தெரிவார்கள். அன்று பனி இறங்கியிருந்தது. கூட்டம் தெரிந்து நான் வேகத்தைக் குறைத்தேன். குறைத்ததும் விளக்கு சுருங்கியது. கூட்டத்துக்குப் பின்னால் தனியாக ஒரு பாட்டி வந்துகொண்டிருந்தார். பச்சைச் சேலை, தோளில் மஞ்சள் பை. அவர் எனக்குத் தெரிந்தபோது என் முன்சக்கரத்துக்கும் அவருக்கும் இடையில் நாலு முழம்கூட இல்லை. பிரேக் பிடித்துச் சரித்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். அவர் திரும்பி, "முருகா, பாத்துப் போ சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அங்கேயே கால் நடுங்கியது. இந்த விளக்கைச் சரிசெய்யாமல் இனி ராத்திரியில் இந்த வண்டியைத் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வேலையாக 35 வாட் பல்பைத் திரும்பப் போட்டேன். பாதிக் குறை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு ஹெட்லைட்டை டி.சி.க்கு மாற்ற வேண்டும், அதாவது பேட்டரியிலிருந்து எரிய வைக்க வேண்டும். அதற்கு முன்னால், பழைய ஆர்.ஆர். யூனிட்டும் சரியில்லையோ என்ற சந்தேகத்தில் டவுனில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். கம்பெனி அட்டைப்பெட்டி போலவே பெட்டி, ஹாலோகிராம் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தது. மாட்டி மூன்றாம் நாள் ஹார்ன் தொண்டை கட்டியது. ஐந்தாம் நாள் இண்டிகேட்டர் பல்புகள் ஒவ்வொன்றாகப் போயின. பேட்டரி மூடியைத் தொட்டால் கை சுட்டது, பக்கத்தில் ஆசிட் நாற்றம். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து, ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்தேன், 16.8 வோல்ட். 14.5-ஐத் தாண்டவே கூடாது. கடைக்காரரிடம் கொண்டுபோனால், "எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது தம்பி" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். விளக்கு, ஹார்ன், பிரேக் லைட் என்று ஒருவன் உயிரோடு வீடு சேர்வதற்கான சாமான்களில் போலி செய்கிறவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அது போலி என்று தெரிந்தே விற்பவர்களையும்தான். அதிலிருந்து எந்த ஆர்.ஆர். யூனிட் வாங்கினாலும் மாட்டிய நிமிடமே பேட்டரி முனையில் மீட்டர் வைத்து, முறுக்கிப் பார்த்த பிறகுதான் பக்க மூடியை மாட்டுகிறேன்.

அப்புறம்தான் சரியான வழிக்கு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது பக்க மூடியைத் திறந்து, புல்லர் என்கிற இழுத்துக் கழற்றும் கருவியைப் போட்டு மேக்னட்டைக் கழற்றினேன். புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே காந்தம் விரிசல் விடும். காயில் பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களுக்கு, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். சாதாரண ஸ்டார் ஸ்குரூ டிரைவர் தலையை மழுங்கடித்துவிடும். ஜப்பான் வகை ஸ்டார் தலையும் நம் கடையில் கிடைக்கும் ஸ்டாரும் பார்க்க ஒன்று போல இருக்கும், உட்காரும் விதம் வேறு.

காயிலின் மின்சாரம் முழுவதையும் பேட்டரிப் பக்கம் திருப்ப, அதன் எர்த் முனையைப் பாடியிலிருந்து பிரிக்க வேண்டும். பிளேட் கையில் வந்ததும், காயிலின் செப்புக் கம்பி எந்த இடத்தில் பாடியோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று தேடினேன். வார்னிஷுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு ஈயப் பொட்டு. சால்டரிங் அயர்னைச் சூடேற்றி அந்தக் கம்பியை மட்டும் மெதுவாகத் தூக்கி, புதிய வயரோடு சேர்த்துப் பற்றவைத்து, சூடு தாங்கும் ஸ்லீவ் போட்டு வெளியே கொண்டுவந்தேன். இனி காயிலின் இரண்டு முனைக்கும் பாடியோடு தொடர்பு இருக்கக்கூடாது. தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் மீட்டரை வைத்துப் பார்த்தால், பீப் அடித்தது. ஸ்லீவ் கிளிப்புக்கு அடியில் நசுங்கி ஒரு மயிரிழைக் கிழிசல். மறுபடி கழற்றி, வேறு ஸ்லீவ். இரண்டாம் முறை மீட்டர் வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பிரித்த கையோடு பிளேட்டின் ஆயில் சீலையும் ஓ-ரிங்கையும் மாற்றிவிட்டேன். இன்னொரு தடவை அதற்காகத் திறக்க வேண்டாம் பாருங்கள்.

காயிலின் இரண்டு வயரையும், டி.சி. ஹெட்லைட் உள்ள வண்டிகளுக்கு வருகிற முழு அலை (ஏ.சி.யின் இரண்டு பாதியையும் பயன்படுத்தும்) ஆர்.ஆர். யூனிட்டில் கொடுத்தேன். பழைய யூனிட் இதற்கு ஆகாது. ஹெட்லைட்டுக்குப் போன மஞ்சள் வயரைப் பிரித்துவிட்டு, சாவி போட்டால் கரண்ட் வரும் கருப்பு வயரிலிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), தனி ஃபியூஸ் வழியாக இணைத்தேன். ஹெட்லைட் எரியும்போது ஓட்டத்தில் 13.6 வோல்ட், ஐட்லிங்கில் 12.2. விளக்கு அசையவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசையில் ஒரு எல்.இ.டி. பல்பு போட்டேன். வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது, ஆனால் ரோட்டில் விழவில்லை. மேலேயும் பக்கத்திலேயும் சிதறியது. இழை பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டர் அது, ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் மாறினாலும் கணக்குத் தப்பிவிடும். எதிரே வந்த இரண்டு பேர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டதைப் பார்த்து அடுத்த நாளே கழற்றினேன். இன்று இருப்பது சாதாரண 35 வாட் ஹாலோஜன்தான். எதிர்வீட்டுச் சுவரில் ஹெட்லைட் உயரத்துக்குச் சாக்பீஸில் கோடு போட்டு, ஆறு அடி வைத்துப் பின்னால் நிறுத்தி, ஒருவரை உட்காரவைத்து, டிம்மின் மேல் விளிம்பு கோட்டுக்குக் கீழே விழும்படி முடுக்கினேன். ஒரு பைசா செலவில்லாத இந்த வேலை, எல்.இ.டி.க்குக் கொடுத்த பணத்தைவிட அதிக வெளிச்சம் தந்தது.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரி 2.5 ஆம்பியர் அவர்தான். ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் ஹெட்லைட்டோடு ஐட்லிங்கில் நின்றால் இறங்கத் தொடங்கும். அங்கே அணைத்துவிடுவேன். சென்னை மாதிரி சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஊரில் இந்த ஏற்பாடு சரிவராது.

மற்ற வேலைகள் எல்லாம் எளிது. டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்ய அரை மணி நேரம், கார்புரேட்டர் ஒரு மணி நேரம். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய பெட்ரோல் டியூப் இறுகி வெடித்திருந்தது, மாற்றிவிட்டேன், மிதவைக் கிண்ணத்தின் ரப்பரையும் சேர்த்து. செயின் செட் ஒரு முறை.

சரி, நண்பன் கேட்டதற்கு வருகிறேன். வாங்காதே. என்ஜின் நன்றாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாமா வண்டிக்கு 20 வருடம் தாண்டிவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது, 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்கு 2,000. அதற்கு மேல் பசுமை வரி. இன்னொரு பக்கம் 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. நீ ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறவன். வண்டி எடுத்ததும் நின்று எரிகிற விளக்கோடு புது வண்டியே எடு. நான் பட்டதை நீயும் பட வேண்டாம்.

என் வண்டியைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் இருபத்தைந்தாயிரம் வரை வந்தார். கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அப்பா இப்போதும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, நான் உதைத்து எடுத்ததும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "டேப்பெட் கொஞ்சம் பேசுது, பாரு" என்பார். இந்த ஞாயிறு அதைத்தான் பார்க்க வேண்டும்.

மாமா பேச்சைத் தட்ட முடியாமல் நீ வாங்கியே விட்டால், ராத்திரியில் ஓட்டுவதற்கு முன்னால் இங்கே கொண்டு வந்துவிடு. புல்லரும் இம்பாக்ட் டிரைவரும் என்னிடம் இருக்கின்றன. ஆர்.ஆர். யூனிட் மட்டும் நீ தனியாகப் போய் வாங்காதே, நானும் மீட்டரோடு வருகிறேன்.